அஞ்சலட்டையில் சதுரங்கம்

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் முன்னிலையில் கணிதப் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு எதிரே 'பள்ளியில் சதுரங்கம்' என்று போட்டிருக்கிறார்கள். நான் பேசப்போவது அதில் ஒரு சின்ன மூலையைப் பற்றி மட்டும். எதிரெதிரே உட்கார்ந்து கடிகாரத்தைத் தட்டி ஆடும் ஆட்டம் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது, ஒரு நகர்த்தலை அஞ்சலட்டையில் எழுதிப் போட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்து, அதைப் பார்த்து அடுத்த நகர்த்தலை எழுதிப் போடும் ஆட்டம். எங்கள் பள்ளியில் மூன்றாவது ஆண்டாக இது நடக்கிறது.

2022-இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது பள்ளி அளவிலும் வட்டார அளவிலும் போட்டிகள் வைத்தோம். உங்கள் பள்ளிகளிலும் வைத்திருப்பீர்கள். எங்கள் பள்ளியில் ஆளுக்குப் பத்து நிமிடம். நான் மேசைகளுக்கு இடையே நடந்துகொண்டே இருந்தேன். முதல் சுற்றிலேயே வெளியேறிய பிள்ளைகளில் நான்கைந்து பேர் மோசமாக ஆடித் தோற்கவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தார்கள், நேரம் முடிந்துவிட்டது. அவர்கள் பலகையைப் பார்த்தபடி எழுந்து போனது எனக்கு உறுத்தலாக இருந்தது. நம் வகுப்பறையிலும் இதுதானே நடக்கிறது? கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்குகிறவன் கெட்டிக்காரன். மூன்று நிமிடம் கழித்து விடை கண்டுபிடிக்கிற பிள்ளை, நாம் அடுத்த கணக்குக்குப் போய்விட்டதால், விடையைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது.

மெதுவாக யோசிக்கிறவர்களுக்கென்று ஓர் ஆட்டம் உலகத்தில் வெகுநாளாக இருக்கிறது. அதன் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

1824-இல் லண்டன் சதுரங்கக் கழகமும் ஸ்காட்லாந்தின் எடின்பரோ கழகமும் அஞ்சல் வழியே ஆடத் தொடங்கின. இரண்டு நகரங்களுக்கும் இடையே ஏறக்குறைய 640 கிலோமீட்டர். அப்போது ரயில் கிடையாது. குதிரை பூட்டிய அஞ்சல் வண்டி போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆகும். ஐந்து ஆட்டங்கள் முடிய 1828 வரை ஆனது. எடின்பரோ இரண்டில் வென்றது, லண்டன் ஒன்றில் வென்றது, இரண்டு சமனில் முடிந்தன. தலைநகரத்துக்காரர்களைத் தூரத்துக்காரர்கள் தோற்கடித்தார்கள். இந்தப் பந்தயத்தில் ஆடப்பட்ட ஒரு தொடக்கத்துக்கு இன்றும் உலகம் முழுக்க 'ஸ்காட்ச் ஆட்டம்' என்றுதான் பெயர். இதே பந்தயத்தில் இன்னொன்றும் நடந்தது. லண்டன்காரர்கள் ஒரு நகர்த்தலை அனுப்பிவிட்டு, பிறகு அதைத் திரும்பப் பெற விரும்பினார்கள். எடின்பரோ ஒப்புக்கொள்ளவில்லை. அஞ்சலில் போட்டது போட்டதுதான். இதைப் பிறகு சொல்லப்போகும் ஒன்றுக்காக நினைவில் வையுங்கள்.

அந்தக் காலத்தில் கடிதம் விலை உயர்ந்த பொருள். தூரத்தைப் பொறுத்துக் கட்டணம், அதையும் பெரும்பாலும் பெறுகிறவர்தான் கட்ட வேண்டும். கழகங்கள்தான் தாங்க முடியும். 1840-இல் பிரிட்டனில் எவ்வளவு தூரமானாலும் ஒரு பென்னி என்று ஆக்கினார்கள். 1869-இல் ஆஸ்திரியா-ஹங்கேரியில் அஞ்சலட்டை வந்தது. இந்தியாவுக்கு 1879-இல் காலணா அட்டை வந்தது. அட்டை வந்த பிறகுதான் இந்த ஆட்டம் சாதாரண மனிதர் கைக்கு வந்தது. ஒரு நகர்த்தலுக்கு எதற்கு உறையும் தாளும்? அட்டையே அதிகம்.

பால் கெரஸ் என்ற எஸ்தோனிய ஆட்டக்காரரைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வேன். 1916-இல் பிறந்தவர். தையற்காரர் மகன். பார்னு என்ற சின்ன ஊரில் வளர்ந்தார். ஊரில் அவருக்கு ஈடாக ஆட ஆள் இல்லை. பள்ளிப் பருவத்தில் அஞ்சல் வழியே ஆடத் தொடங்கினார். ஒரு கட்டத்தில் ஒரே நேரத்தில் 150 ஆட்டங்கள் வரை ஆடிக்கொண்டிருந்தாராம். பிறகு உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரானார். எஸ்தோனியா தன் பணத்தாளில் அவர் படத்தை அச்சிட்டது. பயிற்சியாளர், பயிற்சி மையம், போட்டிக்குப் போக வாகனம், எதுவும் இல்லாத ஊரில் இருக்கிற நமக்கு இவர் கதை உதவும்.

1951 முதல் இதற்கென்று உலகக் கூட்டமைப்பே இருக்கிறது. முதல் உலகப் பட்டத்தை வென்ற செசில் பர்டி ஆஸ்திரேலியர், ஐரோப்பாவின் ஆட்ட மேசைகளிலிருந்து வெகு தொலைவில் இருந்தவர். ஐந்தாவது பட்டத்தை அமெரிக்காவின் ஹான்ஸ் பெர்லினர் வென்றார். அந்தப் போட்டி 1965-இல் தொடங்கி 1968-இல் முடிந்தது. 16 ஆட்டங்களில் 12 வெற்றி, 4 சமன். தோல்வியே இல்லை. அதில் சோவியத் ஆட்டக்காரர் எஸ்ட்ரினோடு அவர் ஆடிய 42 நகர்த்தல் ஆட்டத்தை இன்றும் பாடமாக வைக்கிறார்கள். நாம் நாற்பது நிமிடப் பாடவேளையில் இரண்டு ஆட்டம் முடித்துவிடுகிறோம்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

என்னோடு பி.எட். படித்த தோழி ஒருவர் தென்காசிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறார். நான் செஞ்சிப் பக்கம். அவர் பள்ளி எட்டாம் வகுப்பும் எங்கள் எட்டாம் வகுப்பும் ஆடுவது என்று முடிவு செய்தோம். ஒரே அட்டையில் இரண்டு ஆட்டம். ஒன்றில் எங்களுக்கு வெள்ளை, ஒன்றில் அவர்களுக்கு வெள்ளை. அட்டை போய்ச் சேர நான்கைந்து நாள், பிள்ளைகள் யோசிக்க ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்குப் பத்து நாள் ஆகும். விடுமுறை, தேர்வு எல்லாம் போக, கல்வியாண்டில் ஏறக்குறைய 25 நகர்த்தல்கள். அட்டை விலை 50 காசு. ஒரு பள்ளிக்கு ஆண்டுச் செலவு பன்னிரண்டரை ரூபாய். எந்தத் தலைப்பில் கணக்கு எழுதுவது என்று தலைமையாசிரியர் கேட்டார். நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாளே ஒன்று தெரிந்தது. வகுப்பில் ஒருவருக்கும் அஞ்சலட்டையில் முகவரி எழுதத் தெரியவில்லை. தமிழ்த் தாளில் அனுப்புநர், பெறுநர், உறைமேல் முகவரி எல்லாம் அழகாக எழுதி முழு மதிப்பெண் வாங்குகிறவர்கள். ஆனால் ஒரு கடிதத்தைக்கூடப் பெட்டியில் போட்டதில்லை. அஞ்சல் குறியீட்டு எண்ணை ஏதோ தொலைபேசி எண் மாதிரி நினைத்திருந்தார்கள். முதல் இலக்கம் மண்டலம், தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் 6. அடுத்த இலக்கங்கள் அந்த மண்டலத்துக்குள் பகுதியையும் கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டத்தையும் காட்டும். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் காட்டும் என்று சொன்னதும், எல்லோரும் தங்கள் ஆதார் அட்டையை எடுத்துப் பார்த்தார்கள். எண்களின் இடமதிப்பை இதைவிட நன்றாக நான் நடத்தியதில்லை.

நகர்த்தலை எழுதும் முறை இன்னும் நல்லது. வழக்கமாக ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து எழுதுவார்கள். அஞ்சல் சதுரங்கத்தில் மொழி தெரியாதவர்களும் ஆட வேண்டுமே என்று முழுக்க எண்ணாலேயே எழுதும் முறை ஒன்று வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர் பக்கத்திலிருந்து, அதாவது வெள்ளைக் காய் ஆடுகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால், இடமிருந்து வலம் நிரல்கள் 1 முதல் 8. கீழிருந்து மேல் நிரைகள் 1 முதல் 8. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு இலக்கம்: முதலில் நிரல், பிறகு நிரை. காய் இருந்த கட்டம், போன கட்டம், மொத்தம் நான்கு இலக்கம். ராஜாவுக்கு முன்னால் இருக்கிற சிப்பாய் இரண்டு கட்டம் நகர்ந்தால் 5254. கறுப்பும் அதேபோல் ஆடினால் 5755. வலப்பக்கக் குதிரை வெளியே வந்தால் 7163. அவ்வளவுதான்.

ஒன்பதாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் நடத்தும்போது (2,5) என்பதும் (5,2) என்பதும் வேறு வேறு என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றும். இங்கே மாற்றி எழுதினால் ஆட்டமே போய்விடும். போகத்தான் போனது. முதல் ஆண்டு எங்கள் பிள்ளைகள் ஆசை ஆசையாக அந்த ஸ்காட்ச் ஆட்டத்தை ஆட முடிவு செய்தார்கள். 5254, 5755, 7163, 2836 எல்லாம் சரியாக வந்தது. மூன்றாவது நகர்த்தலாக 4244 என்று எழுத வேண்டும். 4243 என்று எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். இரண்டு கட்டம் போக வேண்டிய சிப்பாய் ஒரே கட்டத்தில் நின்றுவிட்டது. மறுநாள் காலை இது தெரிந்ததும் ஒரே களேபரம். "டீச்சர், அந்த டீச்சருக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க, அட்டை இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது" என்றார்கள். லண்டன் கதையைச் சொன்னேன். ஆட முடியாத நகர்த்தல் என்றால் திருப்பி அனுப்புவார்கள், மாற்றி எழுதலாம். ஆடக்கூடிய நகர்த்தல் என்றால் அதுதான் உங்கள் நகர்த்தல் என்றேன். எழுதிய பையனை இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவிடவில்லை. ஆனால் அதன் பிறகு ஒரு பழக்கம் தானாக வந்தது. ஒருவர் எழுதுவார், இன்னொருவர் அட்டையைப் பார்த்து எண்ணைச் சத்தமாக வாசிப்பார், மூன்றாவது ஆள் வாசித்தபடி பலகையில் காயை நகர்த்துவார். நான் சொல்லித் தந்ததில்லை. விடைத்தாளைத் திரும்பிப் பார் என்று எத்தனை ஆண்டாகச் சொல்கிறோம், கேட்கிறார்களா?

எண்கள் மட்டும் இருக்கிற அட்டையைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர் அஞ்சலகத்தில், "இது என்ன டீச்சர், லாட்டரி நம்பரா?" என்று கேட்டார்கள். சிரித்தேன். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தணிக்கை அதிகாரிகள் வெளிநாட்டுக்குப் போகும் கடிதங்களில் சதுரங்க நகர்த்தல் எழுதவே தடை போட்டார்கள். உளவுச் செய்தியாக இருக்குமோ என்ற பயம்.

எண் மட்டும் போதாது, ஒவ்வோர் அட்டையிலும் தங்கள் ஊரைப் பற்றி மூன்று வரி எழுத வேண்டும் என்று நானும் தோழியும் ஒரு விதி வைத்தோம். தென்காசிப் பிள்ளைகள் சாரலைப் பற்றி எழுதினார்கள். எங்கள் பிள்ளைகள் "எங்கள் வயலில் மல்லாட்டை பிடுங்குகிறோம்" என்று எழுதினார்கள். பதில் அட்டையில் நகர்த்தலுக்கு மேலே பெரிதாக, "மல்லாட்டை என்றால் என்ன?" என்று வந்தது. நிலக்கடலைக்கு உலகத்தில் வேறு பெயர் இருக்கிறது என்று எங்கள் பிள்ளைகளும், மல்லாட்டை என்று ஒரு சொல் இருக்கிறது என்று அவர்களும் தெரிந்துகொண்டார்கள்.

காத்திருப்பதைக் குறைக்க அஞ்சல் ஆட்டக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். "நீங்கள் இப்படி ஆடினால், நாங்கள் இப்படி ஆடுகிறோம்" என்று முன்கூட்டியே எழுதிவிடுவது. "நீங்கள் 2836 ஆடினால் எங்கள் பதில் 6134" என்று எழுதலாம். எதிராளி அப்படியே ஆடினால் ஒரு சுற்று மிச்சம். வேறு மாதிரி ஆடினால் அந்த வரி செல்லாது. பிள்ளைகள் இதில் மாட்டிக்கொண்டு விழிப்பதைப் பார்க்க வேண்டும். "அவங்க எப்படியும் இதைத்தான் ஆடுவாங்க" என்று ஒருவன் சொல்வான். "ஏன் ஆடணும்? நீ அவங்க இடத்துல இருந்தா ஆடுவியா?" என்று இன்னொருத்தி கேட்பாள். எதிராளி இடத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்காகவே சிலர் பலகைக்கு அந்தப் பக்கம் போய் நிற்பார்கள்.

முடிவை யார் எடுப்பது என்பதில் முதலில் சண்டை. வாக்கெடுப்பு வைத்தார்கள். இதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு. 1999-இல் காஸ்பரோவ் ஒரு பக்கம், இணையத்தின் வழியே உலகம் மறுபக்கம் என்று ஓர் ஆட்டம் நடந்தது. ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள். 75 நாடுகளுக்கு மேல், 50,000 பேருக்கு மேல் வாக்களித்தார்கள். நான்கு மாதம், 62 நகர்த்தல்கள். காஸ்பரோவ் வென்றார், ஆனால் எளிதாக இல்லை. உலகத்தின் பக்கம் ஆலோசனை சொன்ன நால்வரில் ஒருவரான இரினா குரஷுக்கு அப்போது 15 வயது. இதைச் சொன்ன பிறகு, வெறுமனே கை தூக்கக் கூடாது, காரணம் சொல்லிவிட்டுத்தான் கை தூக்க வேண்டும் என்று பிள்ளைகளே மாற்றிக்கொண்டார்கள். காரணங்களை எழுத ஒரு குறிப்பேடு வைத்தோம்.

அந்தக் குறிப்பேடுதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது. இன்று ஆறு அங்குலக் கைப்பேசியில் இருக்கிற சதுரங்க நிரல் உலகச் சாம்பியனைவிட நன்றாக ஆடும். உலகக் கூட்டமைப்பின் அஞ்சல் போட்டிகளில் கணினியைப் பயன்படுத்துவதற்கு அனுமதியே இருக்கிறது. அதனால் மேல்மட்டத்தில் ஏறக்குறைய எல்லா ஆட்டமும் சமனில்தான் முடிகிறது. நமக்கு அது தேவையில்லை. இரண்டாம் ஆண்டில் ஒரு பையன் திடீரென்று ஓர் அபாரமான நகர்த்தலோடு வந்தான். யானையைக் கொடுத்து மந்திரியை எடுக்கிறான். எனக்கே புரியவில்லை. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மற்றவர்கள் கேட்டார்கள்: "ஏன்?" அவனால் சொல்ல முடியவில்லை. "அண்ணன் போன்ல பார்த்தேன்" என்று கடைசியில் சொன்னான். திட்டவில்லை. அந்த நகர்த்தல் ஏன் நல்லது என்று கண்டுபிடித்து வந்தால் அனுப்பலாம் என்று அவர்களே தீர்ப்புச் சொன்னார்கள். இரண்டு நாள் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். கண்டுபிடிக்க முடியவில்லை. வேறு நகர்த்தலை அனுப்பினார்கள். அந்த ஆட்டத்தில் தோற்றோம்.

ஒருமுறை பள்ளிப் பார்வைக்கு வந்தவர் அலமாரி மேலிருந்த பலகையைப் பார்த்துவிட்டு, இது எந்தக் கற்றல் விளைவில் வரும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். குறிப்பேட்டைக் கொடுத்தேன். நின்றபடியே பத்துப் பக்கம் படித்தார்.

இப்போது நான் சொல்ல நினைத்து வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பகுதியில் மழைக்காலம் முடிந்ததும் பல குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விடும். திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம். முன்பணம் வாங்கியிருப்பார்கள். போனால் ஆறு மாதம். பிள்ளைகளும் கூடப் போவார்கள். ஜூனில் திரும்புகிறவர்களில் சிலர் பள்ளிக்குத் திரும்ப மாட்டார்கள். உங்களில் பலருக்கு இது புதிதில்லை. அவர்களை அங்கே அருகிலிருக்கிற பள்ளியில் சேர்க்க வழி இருக்கிறது, அந்தந்த வட்டார வள மையத்தோடு பேசி அதைச் செய்துவிட வேண்டும். நான் சொல்வது அதற்கு மாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் ஆண்டு பத்து நிமிடப் போட்டியில் நேரம் முடிந்து வெளியேறினவர்களில் ஒரு சிறுமி இருந்தாள். அப்போது ஏழாம் வகுப்பு. பெயர் வேண்டாம். வகுப்பில் வாய் திறக்க மாட்டாள். கணக்கில் மெதுவு, எழுதுவதில் இன்னும் மெதுவு. அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்பு அஞ்சல் ஆட்டக் குழுவில் சேர்ந்தாள். இடைவேளையில் பலகை முன்னால் நிற்பாள். எல்லோரும் விவாதித்து முடித்த பிறகு, "அப்ப அந்தக் குதிரைக்கு யாரு காவல்?" என்று ஒரு கேள்வி கேட்பாள். நாங்கள் திரும்ப ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். அவள் கேள்வியால் குறைந்தது மூன்று முறை குழு தன் முடிவை மாற்றியிருக்கிறது. குறிப்பேட்டில் இருக்கிறது.

அந்த டிசம்பரில் அவள் குடும்பம் சூளைக்குக் கிளம்பியது. அவளுக்கு 20 அட்டை வாங்கி, எல்லாவற்றிலும் பள்ளி முகவரியை எழுதிக் கொடுத்தேன். அவளுக்கும் வகுப்புக்கும் தனியாக ஓர் ஆட்டம். அவளுக்கு வெள்ளை. அதே பகுதியில் வேறொரு சூளைக்குப் போன பையன் ஒருவனுக்கும் அப்படியே கொடுத்தேன். சூளை முகவரியை அவள் அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்டேன். "லெட்டர் எல்லாம் வருமா டீச்சர் அங்க?" என்று சந்தேகமாகத்தான் கேட்டார்.

முதல் அட்டை ஜனவரியில், பொங்கலுக்குப் பிறகு வந்தது. நான்கு இலக்கம் மட்டும்: 5254. வேறு ஓர் எழுத்துக்கூட இல்லை. வகுப்பு அதைச் சுவரில் ஒட்டியது. பதில் எழுதினோம். அதில் வழக்கம்போல மூன்று வரி: யார் யார் ஊருக்குப் போனார்கள், மாட்டுப் பொங்கலன்று யார் வீட்டு மாடு மிரண்டு ஓடியது என்று. இரண்டாவது அட்டையில் எண்ணுக்குக் கீழே ஒரு வரி இருந்தது. "நான் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன்." மூன்றாவதில் இரண்டு வரி. பிப்ரவரியில் வந்த ஓர் அட்டையை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். "நேற்று ராத்திரி மழை. அறுத்த பச்சைக் கல் எல்லாம் கரைந்துவிட்டது. அப்பா பேசவில்லை. மேஸ்திரி இந்தக் கல்லுக்குக் காசு இல்லை என்றார். யானையைக் கவனிக்கவும்." எழுத்துப் பிழைகளை நான் திருத்தி வாசித்திருக்கிறேன். அந்த அட்டையை வகுப்பில் படித்தபோது யாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. பிறகு ஒருவன் எழுந்து பலகையைப் பார்த்துவிட்டு, "டீச்சர், நெசமாவே நம்ம யானைக்கு ஆபத்து" என்றான்.

தன் எதிராளிக்கே எச்சரிக்கை கொடுத்திருக்கிறாள்! அவளுக்கு நாங்கள் எதிராளிகளாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

அந்தச் சமயத்தில் அவள் அட்டைகளை வைத்துக்கொண்டு தமிழாசிரியரிடம் போனேன். ஆறு மாதம் முன்பு இவளால் நான்கு வரி சேர்ந்தாற்போல் எழுத முடியாது. இப்போது எழுதுகிறாள், ஏனென்றால் படிக்கிற ஆள் இருக்கிறது, பதில் வருகிறது. கட்டுரை நோட்டில் எழுதினால் சிவப்பு மை வரும், பதில் வராது. தமிழாசிரியர் இதைக் கேட்டு முகம் சுளித்தார். பிறகு அவரே மூன்று வரி எழுதி எங்கள் அடுத்த அட்டையில் சேர்த்தார்.

அந்தப் பையனிடமிருந்து இரண்டு அட்டை வந்தது. அதன் பிறகு வரவில்லை. நாங்கள் நான்கு போட்டோம். குடும்பம் வேறு சூளைக்கு மாறிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஜூனில் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், பாட்டி மட்டும் இருந்தார். அவன் பெயரை இடைநின்ற மாணவர் பட்டியலில் சேர்த்துத் தொடர்ந்து தேடிக்கொண்டிருக்கிறோம். அவன் ஆட்டம் பாதியில் நிற்கிறது. பதிவேட்டில் அந்தப் பக்கத்தை மூடவில்லை.

அவள் ஜூன் இரண்டாவது வாரம் வந்தாள். நான் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தபோது, அலமாரி மேலிருந்த பலகையை இறக்கி வைத்து, தன் நோட்டில் வரைந்திருந்த கட்டத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். "டீச்சர், இங்க ஒரு சிப்பாய் இடம் மாறி இருக்கு" என்றாள். கூட்டுகிற அம்மா துடைக்கும்போது நகர்ந்திருக்க வேண்டும். பதிவேட்டைப் பார்த்தோம். அவள் சொன்னதுதான் சரி. சூளையில் பலகை கிடையாது. நோட்டில் பென்சிலால் கட்டம் போட்டு, அழித்து அழித்து எழுதி ஆடியிருக்கிறாள். அந்தத் தாள் துணி மாதிரி ஆகியிருந்தது.

இந்த ஆண்டு முன்கூட்டியே பெற்றோரிடம் பேசினோம். அவள் பாட்டி வீட்டில் இருந்து படிக்க ஒப்புக்கொண்டார்கள். அட்டை அனுப்பியதால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் அப்பா சொன்ன வார்த்தையை மட்டும் சொல்கிறேன்: "சூளையில எல்லாருக்கும் போன் வரும். கடுதாசி எம்பொண்ணுக்கு மட்டுந்தான் வந்துச்சு."

இனி வேலைக்கு உதவும் சில விஷயங்கள். ஆறாம் வகுப்புக்குக் கீழே சதுரங்கம் வேண்டாம் என்பது என் எண்ணம், மாற்றுக் கருத்து இருக்கலாம். தொடக்கப் பள்ளிக்கு ஆடுபுலி ஆட்டமே போதும். மூன்று புலி, பதினைந்து ஆடு, 23 முனை. முனைகளுக்கு 1 முதல் 23 வரை எண் கொடுத்து, இரண்டு பள்ளியும் ஒரே படத்தை வைத்துக்கொண்டால் அதையும் அட்டையில் ஆடலாம். பக்கத்து ஊர்ப் பள்ளியாக இருந்தால்கூடச் சரி. மின்னஞ்சலில் ஆடலாமே என்று கேட்பீர்கள். ஆடலாம், வேகமாக முடியும், செலவில்லை. உயர் வகுப்புகளுக்கு அது நல்லது. ஆனால் மின்னஞ்சலை நாம்தான் திறப்போம், நாம்தான் அனுப்புவோம். அட்டை பிள்ளையின் கையெழுத்தில் போய், பிள்ளையின் கைக்கே வருகிறது. அதனால் நான் அட்டைப் பக்கம்.

ஆட்டத்துக்கு ஒரு பலகையை ஒதுக்கிவிடுங்கள், அது வேறு எதற்கும் எடுக்கப்படக் கூடாது. பதிவேடு இரண்டு வையுங்கள். அனுப்பிய தேதி, வந்த தேதி இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். அஞ்சல் போட்டிகளில் பழைய கணக்கு, பத்து நகர்த்தலுக்கு முப்பது நாள், அட்டை பயணம் செய்யும் நாள் அதில் சேராது. பிள்ளைகள் அந்தக் கணக்கைத் தாங்களே போடுவார்கள். அட்டை தொலைந்தால் மறுபடி அனுப்பலாம். எங்களுக்கு மூன்று ஆண்டில் தொலைந்தது இரண்டுதான்.

இந்த அரங்கில் ஏறக்குறைய நாற்பது பள்ளிகளிலிருந்து வந்திருக்கிறீர்கள். பையில் நூறு அட்டை கொண்டுவந்திருக்கிறேன். இணைந்து ஆட விரும்புகிறவர்கள் தேநீர் இடைவேளையில் பள்ளியின் பெயரையும் முகவரியையும் இந்த நோட்டில் எழுதிவிடுங்கள். அஞ்சல் குறியீட்டு எண்ணை மறக்காதீர்கள். ஜோடி போட்டு நாளை மாலைக்குள் சொல்லிவிடுகிறேன். சூளைக்குப் போகிற பிள்ளைகள் உங்கள் பள்ளியில் இருந்தால், அவர்கள் கிளம்புவதற்கு முன்பே முகவரியை வாங்கிவிடுங்கள். டிசம்பருக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.